நான் ஓட்டினால் மட்டும் வரும் சத்தம்

நான் ஓட்டினால் மட்டும் காரில் ‘டொக்’கென்று ஒரு சத்தம் வரும். வேகத்தடையில் ஏறி இறங்கும்போது, இடப்பக்க முன்சக்கரத்தருகே. பக்கத்தில் இருக்கும் என் கணவர் பிரபாகர் உடனே என் காலைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பல மாதங்களாக, “இனிமே மெதுவா ஏத்தறேனுங்க” என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இருபது வருடத்துக் கார். எதுவும் தேய்ந்திருக்கலாம். ஆனாலும் தவறைத் தேடும்போது என் மனம் முதலில் என் கைகளிடம்தான் போய் நிற்கிறது. ரசத்தில் உப்புக் கூடினாலும் அப்படித்தான், அதை அவரே வைத்திருந்தாலும்.

திங்கட்கிழமை முதல் ராசிபுரம் தாண்டி ஒரு பள்ளியில் எனக்கு வேலை. பஸ் என்றால் மூன்று மாற வேண்டும். “கோளாறு வண்டிலதான்னு மெக்கானிக் சொன்னா நீயே காரை எடுத்துட்டுப் போ. நீ ஓட்டறதுலதான்னா பஸ்ஸு” என்றார் இவர்.

திருச்செங்கோடு ரோட்டில், லாரி பாடி கட்டும் பட்டறைகளுக்கு நடுவே தீர்த்தகிரியின் ஒர்க்‌ஷாப். ஒல்லியான மனிதர்.

“அம்மிணி, ஓட்டுங்க, ஒரு ரவுண்டு போலாம்” என்று இடப்பக்கம் ஏறிக்கொண்டார்.

நாலு வேகத்தடை. சத்தமே இல்லை. டாக்டரிடம் போனதும் காய்ச்சல் விட்டுவிட்டதைப்போல எனக்கு வெட்கமாக இருந்தது.

“பக்கத்துல ஆளு இருந்தா நல்லா ஓட்டறா” என்றார், பின்சீட்டில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இவர்.

“பக்கத்துல எப்பவும் நீங்கதான இருக்கறீங்க?” என்றேன்.

தீர்த்தகிரி என்னை இறக்கிவிட்டு, இவரை இடப்பக்கம் உட்காரவைத்துத் தானே ஓட்டினார். பட்டறை வாசலிலிருந்த முதல் தடையிலேயே ‘டொக்’. இவரைப் பின்சீட்டில் வலப்பக்கம் உட்காரவைத்தார். சத்தமில்லை. மறுபடி முன்னால். ‘டொக்’.

“அண்ணா, கோவிச்சுக்காதீங்க. எத்தன கிலோ இருப்பீங்க?”

“எண்பத்தஞ்சு.”

நான் அவரைப் பார்த்தேன்.

“தொண்ணூத்தி நாலு” என்றார்.

தீர்த்தகிரி ஜாக்கி போட்டு, சக்கரத்துக்குப் பின்னால் கடப்பாறையை நுழைத்து நெம்பிக் காட்டினார். “லோயர் ஆர்ம் புஷ் தேஞ்சு போச்சுங்க. இந்த ரப்பர் இல்லைன்னா இரும்பும் இரும்பும் இடிச்சுக்கும். அண்ணன் எடப்பக்கம் உக்காந்தா அமுங்கி இடிக்குது. அவரே ஓட்டறப்ப கனம் வலப்பக்கம் போயிருது. அம்மிணி உக்காந்து அமுங்கவா போகுது?”

இத்தனை மாதம் சத்தத்தை ஏற்றிக்கொண்டு வந்தவரே என் காலைப் பார்த்துக்கொண்டும் வந்திருக்கிறார். எனக்குக் கோபம் வரவில்லை. கேட்காமலே குற்றத்தை வாங்கிக்கொண்ட என்னை நினைத்துத்தான் சிரிப்பு வந்தது.

இரண்டு மணி நேரத்தில் புது ரப்பர் போட்டுவிட்டார். இவர் சாவிக்குக் கை நீட்டவில்லை, இடப்பக்கம் ஏறினார். முதல் தடையில் இருவருமே காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். ஒன்றுமில்லை. அந்த மகிழ்ச்சியில் இரண்டாவது தடையை நான் கவனிக்கவில்லை. கார் குதித்தது, எங்கள் தலைகளும்.

அவர் என் காலைப் பார்த்தார்.

“இது நாந்தானுங்க” என்றேன். சொல்ல நன்றாகவே இருந்தது.

“திங்கக்கெழம நீ எத்தன மணிக்குக் காரை எடுக்கோணும்?” என்று கேட்டபடியே அவர் தலைக்கு மேலிருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.