தண்ணீர்த் தொட்டியும் லோரி மென்பொருளும்

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் பூமாலைக் கடைக்கு மேல்மாடியில் இருந்த 'குமரப்பன் அண்ட் சன்ஸ் டெக்னாலஜி'யில் சன்ஸ் யாரும் இல்லை. குமரப்பனுக்கு இரண்டும் மகள்கள். ஒருத்தியும் அந்தப் படி ஏறியதில்லை. மென்பொருள் எழுதுபவள் ரிஸ்வானா, தமிழ்நாட்டிலிருந்து வேலை பர்மிட்டில் வந்தவள். பர்மிட்டைப் புதுப்பிக்க முதலாளியின் கையெழுத்து வேண்டும். அவரோ கிள்ளானில் சரக்கு லோரி ஓட்டும் கம்பெனிக்கு மென்பொருளைக் கொடுத்த பிறகுதான் பேனாவைத் தொடுவேன் என்றிருந்தார்.

நாளை கொடுக்க வேண்டும். பேனர்கூட வந்துவிட்டது: 'முழுக்க முழுக்க எங்கள் சொந்த மூளை.'

"சார், அந்த வரி வேணாம்," என்றாள் ரிஸ்வானா. "லோரிக்கு வழி கண்டுபிடிக்கிற பகுதி நம்மளது இல்ல. யாரோ எழுதிப் பொதுவுல விட்டது. அப்பவே சொன்னேன். 'ஃப்ரீன்னா போடும்மா'ன்னீங்க."

"ஃப்ரீதானே? அப்புறம் என்ன?"

"எடுத்துக்கலாம், விக்கவும் விக்கலாம். ஆனா அதோட சேர்த்து நாம செஞ்சதை யாருக்குக் குடுத்தாலும் நாம எழுதின மூல நிரலையும், அதான் சோர்ஸ் கோட், குடுக்கணும். அவங்க அதை மாத்தலாம், மத்தவங்களுக்கும் குடுக்கலாம். காப்பிலெஃப்ட் லைசன்ஸ் சார்."

குமரப்பன் நிமிர்ந்தார். "எங்க பாட்டன் கப்பலேறி வந்து தொழில் பண்ணினவர். பெட்டிச் சாவியை எவனுக்காவது குடுத்தாரா?"

கணக்கு பார்க்கும் கோமதி தலையைத் தூக்காமலே சொன்னாள்: "பாஸ், அன்னதானச் சாம்பார்ல ரெண்டு கத்தரிக்கா போட்டுட்டு, 'முழுக்க என் சமையல், சட்டியைத் திறக்காதே'ன்னா எப்படி லா?"

"அப்ப வேற ஒண்ணைப் போடு."

"மாசக்கணக்கா ஆகும் சார்."

"நீதானே போட்டே? பர்மிட்டைப் பத்தி நானும் யோசிக்க வேண்டியிருக்கும்."

கோமதி இப்போது தலையைத் தூக்கினாள்.

"ரிஸ்வானா, அந்த லைசன்ஸ்ல எழுதினவங்க பேரு இருக்குமா?"

"இருக்கும்க்கா. நாம சேர்த்ததுக்கு நம்ம கம்பெனி பேரும் இருக்கும். யாரு காப்பி எடுத்தாலும் அந்தப் பேரை எடுக்கக் கூடாது."

சென்ற வருடம் குமரப்பன் கோயிலுக்குத் தண்ணீர்த் தொட்டி கொடுத்திருந்தார். ரயிலில் போகிறவருக்கும் தெரியும்படி அதில் சிவப்பில் அவர் பெயர். கமிட்டி மாறியது. புதிய தலைவர் தம்புசாமி தொட்டிக்கு வெள்ளையடித்தார். பெயர் போனது. அன்று முதல் குமரப்பன் கோயில் தெருவைத் தவிர்த்து வேறு வழியாகத்தான் ஆபீசுக்கு வருகிறார்.

"எடுக்கவே கூடாதா?"

"கூடாது சார்."

"கமிட்டி மாறினாலும்?"

"எந்தக் கமிட்..."

மேசைக்கு அடியில் கோமதி அவள் காலை மிதித்தாள்.

"மாறினாலும் கூடாது சார். ஜெர்மனிக்காரன் எடுத்தாலும் நம்ம பேரோடதான்."

குமரப்பன் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். உலகம் முழுவதும் வெள்ளையடிக்க முடியாத சுவர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

"அறிவுங்கறது பொதுச்சொத்தும்மா. நான் எப்பவுமே சொல்றதுதான்."

"ஆமா பாஸ், எப்பவுமே," என்றாள் கோமதி.

பேனரின் அந்த வரியை அவரே பிளாஸ்டர் ஒட்டி மறைத்தார். கம்பெனி பெயர் எத்தனை இடத்தில் வரும் என்று மட்டும் இரண்டு முறை விசாரித்தார். பிறகு பேனாவைத் திறந்தார். பர்மிட் தாளில் அவர் கையெழுத்து கட்டத்தைத் தாண்டி முத்திரைக்கான இடம்வரை ஓடியது. ரிஸ்வானா தாளை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

படியிறங்கும்போதுதான் அவளுக்கு மூச்சு முழுசாக வந்தது. மல்லிகை வாசனையோடு வந்தது.