நடுக்கடலில் மாயாண்டி

ஐஸ் பெட்டியின் ஒயர் எட்டவில்லை. நந்தகுமார் மனைவியின் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் பிளக்கைச் சொருகினான்.

"இத உள்ள கொண்டுபோய் வை, வைஜெயந்தி. வர்றவங்க என்ன நினைப்பாங்க?"

வைஜெயந்தி லேப்டாப்பை அணைத்துக்கொண்டு நின்றாள். விடியற்காலையில் போன அப்பா சிவஞானம் பெட்டிக்குள் படுத்திருந்தார். அண்ணன் சென்னையிலிருந்து வரும் விமானம் மழையால் தாமதம். இருப்புக்கொள்ளாமல் அவள் கூடத்துக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டேயிருந்தாள்.

லேப்டாப்பில் இருந்தது, ஒரே மாதத்தில் ஒரு நாவல் எழுதி முடிக்கும் இணையப் போட்டிக்கான கதை. பேர் கொடுத்தவள் இவள். தூக்கம் கெட்டவர் அப்பா. அன்றன்று எழுதியதை மாலையில் அவருக்குப் படித்துக் காட்டியாக வேண்டும். எஞ்சின் நின்ற படகில் நடுக்கடலில் தவிக்கும் கிழவன் மாயாண்டிக்காக, நெஞ்சுவலி மாத்திரையைக்கூட மறந்து உட்கார்ந்திருப்பார். அந்தமானின் பாராடாங் ஃபெர்ரியில் காலமெல்லாம் வேலை பார்த்தவர் அல்லவா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும் என்று சண்டைக்கே வந்துவிடுவார்.

முந்தாநாள் மாயாண்டியைக் கொன்றுவிட்டாள். மாதம் முடியப்போகிறதே, கதையும் முடிய வேண்டாமா? ஆனால் படியேறினாலே மூச்சிரைக்கும் மனிதரிடம் அதைப் படிக்க நாக்கு எழவில்லை. "இன்னிக்கு ஒண்ணும் எழுதலப்பா" என்று பொய் சொன்னாள். நேற்றும் அதே பொய். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கோபம்தான். கோபத்தோடேயே போய்விட்டார் என்பதுதான் அவளை உட்காரவிடாமல் விரட்டியது.

மதியத்துக்கு மேல் அண்ணன் வந்து சேர்ந்தான். குளிப்பாட்டிப் பாடையில் கிடத்தினார்கள். தூக்கப்போகும் நேரத்தில் ஜங்லிகாட் டீக்கடை அப்துல் ஜப்பார் தொப்பியைச் சரிசெய்தபடி அவளருகே வந்தார்.

"கேக்குற நேரமில்ல. தப்பா எடுத்துக்காதம்மா."

"சொல்லுங்க பாய்."

"நீ எழுதுற கதைய அப்பா தினம் காலைல கடையில வந்து சொல்லுவாரு. பெங்காலி, தெலுங்கு ஆளுங்க எல்லாம் இருப்பாங்கள்ல, ஹிந்தியிலதான். நேத்து வந்து, 'மக எழுதிட்டா, எங்கிட்டதான் மறைக்கிறா. மாயாண்டி போயிட்டான்போல'ன்னாரு."

"தெரியுமா அவருக்கு?"

"'கேட்டா பிள்ள சங்கடப்படும், நானும் கேக்கப்போறதில்ல'ன்னுட்டாரும்மா." ஜப்பார் வாசலைக் காட்டினார். ஆட்டோக்காரர்களும் மீன்காரர்களும் மழையில் நனைந்தபடி இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "அவங்கதான் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. ஆளு நெஜமாவே போயிட்டானா?"

அப்பாவின் தாடைக்கட்டை யாரோ கோணலாகக் கட்டியிருந்தார்கள். வைஜெயந்தி குனிந்து அதை நேராக்கினாள்.

"இல்ல பாய். கரை தெரியுதுன்னு சொல்லுங்க."

ஜப்பார் வாசலுக்குப் போனார். "கினாரா திக் ரஹா ஹை" என்றார்.

அவர்களில் வயதான பெங்காலிக்காரர் ஒருவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே வந்து, பாடைக்குத் தோள் கொடுத்தார்.