ஓடக்கூடாதாம்

அந்த ஹோட்டலின் சலவைக்கூடத்தில் மற்ற எட்டுப் பெண்களும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் அவள் யாருக்கும் பாடம் சொல்லிக் கொடுத்ததில்லை. பத்தாவது வரை படித்திருந்தாள், இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிப்பாள், அவ்வளவுதான். சோப்பு டப்பாவில் என்ன போட்டிருக்கிறது, லீவு ஃபாரத்தில் எங்கே கையெழுத்துப் போடணும் என்று எல்லாரும் அவளிடம்தான் வருவார்கள். அங்கேயே வேலை பார்த்து, அவளுக்கும் வேலை வாங்கிக் கொடுத்த அண்ணிக்கு அதில் அவளைவிடப் பெருமை. "எங்க வீட்டுப் பொண்ணு," என்பாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை உருளை மெஷினில் ஓர் அட்டை தொங்கியது. ஈரப் படுக்கைவிரிப்பைக் கொடுத்தால், சூடான உருளைகளுக்கு நடுவே போய்ச் சுருக்கமில்லாமல் தேய்ந்து வெளியே வரும் மெஷின் அது.

"என்ன போட்டிருக்கு டீச்சர்?"

"டு நாட் ரன்," என்று படித்தாள். "ஓடக்கூடாதாம்."

யாருக்கும் சந்தேகம் வரவில்லை. லிஃப்ட் வந்து நின்றதும் சூப்பர்வைசர் "ரன், ரன்" என்று விரட்டுவார். இவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுவார்கள். அந்த வார்த்தைக்கு அங்கே வேறு அர்த்தமே கிடையாது.

"நேத்து நான் வழுக்கி விழுந்தேன்ல, அதுக்குத்தான்," என்றாள் ஒருத்தி.

"என் முட்டிக்கு நடக்கறதே பெரும்பாடு. இதுல ஓட்டம் வேற," என்றாள் இன்னொருத்தி.

டீச்சர் அட்டையைக் கழற்றிக்கொண்டுபோய், எப்போதும் தண்ணீர் தேங்கி நிற்கும் வாசல் பக்கத்துத் தூணில் மாட்டினாள். அங்கே இருந்தால்தானே பிரயோஜனம். அண்ணி மெஷினைப் போட்டாள்.

மெஷினுக்கு முன்னால் ஒரு கம்பி உண்டு. கை அதில் பட்டால் உருளை நின்றுவிடும். முந்தின நாள் எலக்ட்ரீஷியன் ரிப்பேருக்காக அந்தக் கம்பியின் இணைப்பைக் கழற்றிவிட்டு, அட்டையையும் மாட்டிவிட்டுப் போயிருந்தார். பத்து மணி வாக்கில், சுருண்டுகொண்ட ஒரு விரிப்பின் ஓரத்தை அண்ணி இழுத்துவிடப் போனாள். கம்பியில் கை பட்டது. உருளை நிற்கவில்லை. வலது கையில் நாலு விரல் போயிற்று.

அன்று சாயங்காலம் டீச்சர் தன் மகளின் டிக்‌ஷனரியைப் பிரித்தாள். அந்த மூன்றெழுத்து வார்த்தைக்கு ஒன்றரைப் பக்கம் போட்டிருந்தது. ஓடுவது, ஆறு பாய்வது, மூக்கு ஒழுகுவது, துணியில் சாயம் இறங்குவது, கடை நடத்துவது, தேர்தலில் நிற்பது. விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தாள். பதினோராவதாக இருந்தது, இயந்திரத்தை இயக்குவது. அதற்கு மேல் படிக்கவில்லை.

விசாரணைக்கு வந்த அதிகாரி, அட்டையை எடுத்தது யார் என்று கேட்டார். அண்ணி இல்லாத அந்த வரிசையில் மற்ற ஏழு பேரும் வாயைத் திறக்கவில்லை. அவளும்தான்.

ஆஸ்பத்திரிக்குப் போய் அண்ணியிடம் சொன்னாள்.

"நீ எடுத்துட்டுப் போனதை நான்தான் பார்த்தேனே," என்றாள் அண்ணி. "அர்த்தத்தை நர்ஸ்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"சொன்னா விரல் முளைக்குமா? நீயும் சொல்லாதே. இதோட விட்டுடு."

அவளால் விட முடியவில்லை. மூன்றாம் நாள் அதிகாரியின் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார். மனசு லேசான மாதிரி இருந்தது.

அறிக்கை வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. எச்சரிக்கை வைக்கப்பட்டிருந்தது, தொழிலாளர்களே அதை அகற்றிவிட்டார்கள், நிர்வாகத்தின் மேல் தவறில்லை என்று அதில் எழுதியிருந்தது. இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கு ஏன் இங்கிலீஷில் எழுதி மாட்டினார்கள் என்று யாரும் கேட்கவில்லை. மெஷினின் மின்சாரத்தை ஏன் நிறுத்தவில்லை என்றும் கேட்கவில்லை. டீச்சருக்கும் வேலை போயிற்று, அண்ணிக்கும் போயிற்று. "உண்மையைச் சொல்லி யாரைக் காப்பாத்தினே?" என்று அண்ணன் ஒரே ஒரு தடவை கேட்டார். அதோடு அவளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

இப்போது தினமும் காலையில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். அவள் தலை தெரிந்ததும் அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுவார். அண்ணி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்காருவாள். ஒரு கையால் பின்னல் போட முடியாது. இவள் சிக்கெடுத்து, மூன்றாகப் பிரித்து, பின்னி முடிச்சுப் போடுவாள்.

"இறுக்கிட்டேனா அண்ணி?"

"இல்ல. பரவாயில்ல," என்பாள் அண்ணி.