நாலு தேசிக்காய்

வாய்க்கரிசி போட்டுவிட்டுக் கையை உதறிக்கொண்டு திரும்பிய புனிதவதிக்கு முன்னால் ஒரு சுவிஸ்காரி நின்றார். வயது எழுபதுக்கு மேலே இருக்கும். கறுப்புக் கோட்டு, மண் ஒட்டிய சப்பாத்து, கையில் பத்திரிகைத் தாளில் சுற்றிய தோட்டத்து டாலியாப் பூக்கள். ஆராவ் தகன மண்டபத்தில் அதுவரை தலைகுனிந்து நின்ற சனம் முழுக்கத் தலைநிமிர்ந்து பார்த்தது.

"ஆரடி உந்த வெள்ளைக்காரி?" என்று புருசனின் தமக்கை இராசம்மா புனிதவதியின் காதுக்குள் கேட்டாள்.

"எனக்கென்ன தெரியும் மச்சாள்?"

வந்தவர் புனிதவதியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "நான் ஹுன்சிக்கர். உங்கள் கணவர் சனிக்கிழமைகளில் என் பண்ணைக்குத்தான் வருவார்," என்றார் ஜெர்மனில். "கார் ஆயத்தமாகிவிட்டது. போன சனிக்கிழமை ஓட்டுநரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். நான் கேக் செய்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். பிறகுதான் பத்திரிகையில் பார்த்தேன்."

என்ன கார், எந்த ஓட்டுநர் என்று கேட்கப் புனிதவதி வாயெடுத்தாள். அதற்குள் ஐயர் மணியை ஆட்டத் தொடங்கிவிட்டார். மண்டபத்துக்குக் குறித்துக் கொடுத்த நேரம் முடியப்போகிறது, அடுத்த குடும்பம் வாசலில் வந்து நிற்கிறது. செத்தவனும் மணிக்கூட்டைப் பார்த்துத்தான் எரியவேண்டிய நாடு இது. மகன் ஆரணன் பொத்தானை அமத்தினான். பெட்டி உள்ளே போனது. இராசம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு குழறினாள். புனிதவதி மட்டும் டாலியாப் பூக்களைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். அழுகிற நேரத்தில் அவளுக்குப் பொல்லாத கோபம் வந்தது.

வராமல் என்ன செய்யும்? சனிக்கிழமைகளில் எங்கே போறீங்கள் என்று கேட்டால் ஜெகதீஸ்வரனிடமிருந்து வருகிற மறுமொழி ஒரே சொல்தான்: "சும்மா." போட்டிருக்கிற சேட்டெல்லாம் ஒயில் மணக்க மத்தியானம் கடந்து வருவார். கிழமை முழுக்க ரெஸ்டோரண்ட் குசினியில் நின்று வேகிற மனுசன், மிச்ச நாளில் எங்கேயோ கராஜில் கள்ளவேலை செய்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள். பிடிபட்டால் விசாவுக்கு என்ன கதி என்று நித்திரை இல்லாமல் கிடந்திருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை சாப்பிடும்போது, "இந்தச் சனிக்கிழமை வேலை எடுக்காதையும்," என்றார். "ஏன்?" என்று கேட்டாள். "சும்மா," என்றார். வியாழக்கிழமை காலை பஸ் நிறுத்தத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை.

அதுவும் காராம்! காருக்கும் அவருக்கும் இருந்த பொருத்தம் ஆராவ் தமிழ்ச் சனத்துக்கே தெரியும். லைசென்ஸ் சோதனையில் இரண்டு தரம் கோட்டை விட்டவர். இரண்டாம் தரம் சிவப்பு விளக்கில் நிற்காமல் போய், பச்சை விளக்கில் நின்றார். மூன்றாம் தரமும் விட்டால் மூளையைச் சோதிக்க டொக்டரிடம் அனுப்புவார்கள் என்று ஆரோ சொல்ல, "எனக்கு உந்தச் சோலி வேண்டாம்" என்று அதோடு விட்டுவிட்டார். புனிதவதி முதல் தரமே பாஸ். வயது போனவர்களை வீடுவீடாகப் போய்ப் பராமரிக்கிற வேலை அவளுக்கு. கார் இல்லாமல் நடக்காது. வேலைக் காரில் பக்கத்து சீட்டில் எப்போதும் அவளுடைய பெரிய கறுத்த பேக் இருக்கும். கையுறை, மருந்து, துவாய் எல்லாம் அதற்குள்தான். வேலைக் காரில் குடும்பத்தை ஏற்றக்கூடாது என்பது சட்டம். அதனால் மழையிலும் பனியிலும் அவர் பஸ்ஸுக்கு நிற்க, இவள் கையைக் காட்டிவிட்டுப் போவாள்.

வெளியே வந்ததும் அவள் யோகராஜாவைக் கூப்பிட்டாள். ஜெகதீஸ்வரனோடு குசினியில் கோப்பை கழுவுகிறவன், ஊரில் ஹயர் கார் ஓடியவன், கூடப் பிறந்த தம்பி மாதிரி.

"தம்பி, அந்த மனுசியின்ரை காருக்குப் பின்னாலை என்னைக் கொண்டுபோம்."

இராசம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "உமக்கென்ன விசரே? சுடலையிலையிருந்து நேரை வீட்டை போய்க் குளிக்கவேணும். குளிக்காமல் இன்னொருத்தர் வீட்டு வாசல் மிதிக்கலாமோ? துடக்கு!"

"வீட்டுக்குள்ளை போகேல்லை மச்சாள். மாட்டுக்கொட்டிலுக்குத்தான் போறன். நீங்கள் பிள்ளையளோடை போய்க் குளியுங்கோ, நான் பின்னாலை வாறன்."

காரில் ஏறியதும் அவள் யோகராஜாவை விறைக்கப் பார்த்தாள். "உண்மையைச் சொல்லும். உந்த ஓட்டுநர் நீர்தானே?"

"ஐயோ அக்கா, சத்தியமா இல்லை. ஜெகண்ணை கார் எண்டே என்னோடை கதைச்சதில்லை." கொஞ்ச தூரம் போனபிறகு அவனாகவே இழுத்தான். "ஒரேயொருக்கா ஒண்டு கேட்டவர். ஊரிலை பெற்றோல் இல்லாத நேரம் நீங்கள் எப்பிடியடா கார் ஸ்ராட் பண்ணினீங்கள் எண்டு. சேலைன் போத்திலைக் கட்டித் தொங்கவிட்டு, ரியூப்பாலை சொட்டுச் சொட்டா இஞ்சினுக்கு விட்டனாங்கள் எண்டு சொன்னன். கேட்டுப்போட்டுத் தன்ரை வேலையைப் பாக்கப் போயிட்டார்."

புனிதவதிக்குச் சுருக்கென்றது. மாரிக்கு முந்தி ஒருநாள் அவர் சேலைன் ரியூப் ஒன்று கேட்டிருந்தார். எதுக்கு என்று கேட்டதற்கு மீன்தொட்டிக்கு என்றார். காலாவதியான ஒன்றை அவளும் கொண்டுவந்து கொடுத்தாள். அவர்கள் வீட்டில் மீன்தொட்டியே இல்லை. அதை அப்போது யோசிக்காமல் விட்டோமே என்று இப்போது தன்னைத்தானே நொந்துகொண்டாள்.

"எனக்குச் சொல்லாததை ஆருக்கோ சொல்லியிருக்கிறார் தம்பி. அது ஆரெண்டு அறிஞ்சால்தான் எனக்கு இண்டைக்குச் சோறு இறங்கும்."

ஹுன்சிக்கரின் பண்ணை ஊருக்கு வெளியே ஆப்பிள் மரங்களுக்கு நடுவில் இருந்தது. கொட்டில் கதவு தண்டவாளத்தில் கிறீச்சிட்டுக்கொண்டு விலகியது. உள்ளே வைக்கோல் மணம், அதற்கு மேலே பெற்றோல் மணம். நடுவில் அது நின்றது. கூரையில்லாத மொறிஸ் மைனர். பச்சை நிறம், உருண்டைக் கண்கள் மாதிரி இரண்டு லைற்று. அப்போதுதான் குளித்துவிட்டு வந்து நின்ற பிள்ளையைப் போலிருந்தது.

"என்ரை அம்மாளாச்சி," என்றான் யோகராஜா. "திறந்த மொறிஸ் மைனர்! ஊரிலை மூடினதுதான் கண்டிருக்கிறன்."

"என் கணவர் கலியாணத்துக்கு வாங்கியது," என்றார் ஹுன்சிக்கர். "அறுபத்துமூன்றாம் ஆண்டு அவர் இறந்துபோனார். நான் கதவைச் சாத்தினேன். பிறகு திறக்கவேயில்லை. உங்கள் கணவர் கோழி வாங்க வந்தார். பிடிக்கப் போன கோழி இந்தக் கதவுக்குக் கீழே புகுந்துவிட்டது. கதவை விலக்கி அதைத் துரத்திக்கொண்டு உள்ளே போனவர் வரவேயில்லை. போய்ப் பார்த்தால் வைக்கோலை விலக்கிக்கொண்டு நிற்கிறார். கோழியை மறந்துவிட்டார். அந்தக் கோழி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது."

அன்றைக்கு வெறுங்கையோடு வந்து, கோழி முடிஞ்சுதாம் என்று அவர் சொன்னது புனிதவதிக்கு ஞாபகம் வந்தது. மரக்கறி சமைக்க வைத்ததற்கு அவள் புறுபுறுத்ததும் ஞாபகம் வந்தது.

"இவருக்கு இந்த வேலை தெரியாதே," என்றாள்.

"ஒன்றும் தெரியாதுதான்," என்று ஹுன்சிக்கர் சிரித்தார். "முதல் வருசம் கழற்றினார். இரண்டாம் வருசம் அதைத் திருப்பிப் பூட்டினார். மிஞ்சிப் போனவற்றை ஒரு வாளியில் போட்டு வைத்தார். எத்தனை தரம் பிழை வந்தாலும் கோபப்பட்டதில்லை. கார் ஓடினால் அது உங்களுக்குத்தான் என்றேன். மூன்று கிழமைக்கு முந்தியே எல்லாம் முடிந்துவிட்டது. ஸ்ராட் பண்ணிப் பாருங்களேன் என்று நான் எவ்வளவோ சொன்னேன். முடியாது, ஓட்டுநர் வரவேண்டும் என்றார்."

"அந்த ஓட்டுநர் ஆணா, பெண்ணா?"

"அதைக் கேட்டால் சிரிப்பார். இந்த எலுமிச்சம்பழங்களைப் பற்றிக் கேட்டாலும் அதே சிரிப்புத்தான்."

புனிதவதி குனிந்து பார்த்தாள். நாலு சில்லுக்கும் முன்னால் நாலு தேசிக்காய். தோல் கொஞ்சம் சுருங்கியிருந்தது, ஆனால் மஞ்சள் மாறவில்லை. அவருடைய கைவரிசைதான், சில்லுக்கு நேராக, அங்குமிங்கும் உருளாமல் சின்னக் கல் அண்டக்கொடுத்து வைத்திருந்தார்.

"மரநாய்க்குத்தானே?" என்று ஹுன்சிக்கர் நம்பிக்கையோடு கேட்டார். "இரவில் வந்து வயரைக் கடிக்கிற சனியனுக்கு? பலன் நன்றாக இருக்கிறது. இதுவரைக்கும் ஒரு வயரும் போகவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரரும் தன்னுடைய உழவு இயந்திரத்துக்கு வைத்திருக்கிறார்."

யோகராஜா வாயைப் பொத்திக்கொண்டு மறுபக்கம் திரும்பினான். புனிதவதிக்கும் சிரிப்பு வந்தது. புருசனை எரித்துவிட்டு வந்து ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, சிரிக்கிறாள். சிரித்துக்கொண்டே கணக்குப் போட்டாள். தேசிக்காய் வைத்திருக்கிறார் என்றால் நாளும் பார்த்து வைத்திருக்கிறார். சனிக்கிழமை இதை ஓட்டியே தீருவது என்றுதான் இருந்திருக்கிறார். ஓட்டப்போனது ஆர்?

"தம்பி, ஒருக்கா ஸ்ராட் பண்ணிப் பாரும்."

யோகராஜா காரின் முன் மூடியைத் திறந்தான். "அட, இந்தா!" என்று கத்தினான். உள்ளே கம்பியில் சேலைன் போத்தல் தலைகீழாகத் தொங்கியது, அதிலிருந்து அவள் கொடுத்த ரியூப் இறங்கிப் போனது. "இதுக்குத்தான் கேட்டிருக்கிறார் மனுசன்! பழைய பெற்றோல் ராங்க் உக்கிப் போச்சுதாக்கும்." போத்தலில் பெற்றோலும் நிரம்பியிருந்தது. அவன் ரியூப்பின் சக்கரத்தைத் திருப்பி விட்டான். பிறகு சாரதி பக்கக் கதவைத் திறந்து உள்ளே இருக்கப் போனான்.

இருக்க முடியவில்லை. முழங்கால் ஸ்ரியரிங்கில் முட்டியது. குனிந்து பார்த்தான், வளைந்து பார்த்தான், ஒருகாலை வெளியே வைத்தபடி இருந்து பார்த்தான்.

"என்ன கறுமம் இது? சீற்றை முன்னுக்கு இழுத்து ஆணி அடிச்செல்லோ வைச்சிருக்கிறார். முதுகுக்குக் குசன் வேறை." அவன் கீழே பார்த்தான். "கிளச்சிலையும் பிரேக்கிலையும் பலகைத்துண்டு பூட்டிக் கிடக்கு அக்கா. எட்டாத காலுக்கு எட்டப்பண்ணுறதுக்கு. ஜெகண்ணை ஆறடி ஆள். இவர் இதை ஆருக்கு அளவெடுத்து..."

அவன் புனிதவதியைத் திரும்பிப் பார்த்தான். மெல்ல இறங்கி, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு ஒதுங்கி நின்றான்.

முதுகுக்கு இருந்த குசன் புனிதவதி தைத்தது. சிவப்பில் மஞ்சள் பூ. வீட்டு ஹோலில் கிடந்த இரண்டில் ஒன்று காணாமல் போய் ஒரு வருசம் இருக்கும். அதற்காக இராசம்மாவைச் சந்தேகப்பட்டு, மனத்துக்குள் எவ்வளவு திட்டியிருப்பாள்! வேலைக் காரிலும் அவள் முதுகுக்கு ஒரு தலையணை வைத்துத்தான் ஓடுவாள். "ஸ்ரியரிங்குக்கு மேலாலை தலை தெரியாத டிரைவர்" என்று அவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

அவள் சேலையைச் சற்றுத் தூக்கிக்கொண்டு உள்ளே ஏறி இருந்தாள். இரண்டு காலும் பலகைகளில் போய்ச் சரியாகப் பதிந்தன. ஒரு விரல் கூடவுமில்லை, குறையவுமில்லை. எப்போது அளவெடுத்தார் என்று யோசித்தாள். நித்திரையில் கிடக்கும்போதா? வாசலில் கழற்றிவிட்ட சப்பாத்திலா? இனி ஆரைக் கேட்பது? காலையிலிருந்து வராத கண்ணீர் இப்போது பொலபொலவென்று கொட்டியது. அவள் துடைக்கவில்லை.

பக்கத்தில் நின்ற ஹுன்சிக்கர் கைக்குட்டையை நீட்டினார். பிறகு, "நீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம்," என்றாள் தமிழிலேயே. "நான்தான்."

சாவித்துவாரத்திலேயே கிடந்த திறப்பைத் திருப்பி, யோகராஜா காட்டிய குமிழை இழுத்தாள். இஞ்சின் இருமியது. நின்றது. மறுபடி இழுத்தாள். இன்னும் இருமியது. "விடாதேங்கோ, விடாதேங்கோ, பிடிக்கப் போகுது!" என்று யோகராஜா ரியூப்பை நசித்து நசித்து விட்டான். மூன்றாம் முறை கொட்டில் முழுக்க நீலப் புகை பரவியது. அதற்குள் கடகடவென்று அது ஓடத் தொடங்கியது. வைக்கோலுக்குள் படுத்திருந்த கோழியொன்று செட்டையடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தது. ஹுன்சிக்கர் இரண்டு கைகளாலும் வாயை மூடிக்கொண்டு நின்றார். முப்பத்து நாலு வருசமாகக் கேட்காத சத்தம்.

"அக்கா, பொறுங்கோ!" யோகராஜா முன்னால் ஓடிவந்தான். "தேசிக்காயை எடுத்துவிடுறன். துடக்கோடை நல்ல காரியம் செய்யக்கூடாது. முப்பத்தொண்டாம் நாள் சடங்கு முடியட்டும்."

"எடுக்காதையும்."

"இராசம்மாக்கா அறிஞ்சால்..."

"அவர் வைச்சது தம்பி. அவரின்ரை கணக்கிலை இண்டைக்கும் சனிக்கிழமைதான். விலகும்."

தோளில் கிடந்த பேக்கை, வேலைக் காரில் வைக்கிற பழக்கத்தில், பக்கத்து சீட்டில் வைத்தாள். கிளச்சை அமத்தி, கியரைப் போட்டு, மெல்ல விட்டாள். நாலு பக்கத்திலும் ஒரே நேரத்தில் சளக்கென்று ஒரு சத்தம். தேசிக்காய் மணம் பெற்றோல் மணத்தையும் மீறிக்கொண்டு எழும்பியது. "மரநாய்க்கு இனி என்ன செய்வது?" என்று பின்னால் ஹுன்சிக்கர் கேட்பது கேட்டது.

வெளியே புரட்டாதி வெயில். கூரையில்லாததால் வெயில் நேரே தலையில் விழுந்தது. ஆப்பிள் மரங்களைச் சுற்றிய மண் பாதையில் கார் குலுங்கிக் குலுங்கிப் போனது. பிரேக் கொஞ்சம் இடப்பக்கம் இழுத்தது, அதற்கு அவரைத்தான் பேசவேண்டும். முதல் வளைவைக் கடந்ததும் திடீரென்று அவள் காரை நிற்பாட்டினாள்.

யோகராஜா பதறியடித்துக்கொண்டு ஓடிவந்தான். "என்னக்கா? பெற்றோல் வரேல்லையோ? ஏதும் பிழையோ?"

"ஒண்டும் பிழையில்லை," என்றாள் புனிதவதி. பக்கத்து சீட்டிலிருந்த பேக்கைத் தூக்கிப் பின் சீட்டில் வைத்தாள். வெறுமையான சீட்டைக் கையால் ஒருமுறை தட்டிவிட்டாள். பிறகு கியரைப் போட்டு அடுத்த வளைவுக்குப் போனாள்.