பூஜ்யம் புள்ளி ஆறு

ஒப்பந்தம் வாய்மொழியாகத்தான் நடந்தது. ஆனாலும் அதன் ஷரத்துகளில் எந்தக் குழப்பமும் இல்லை. மாதக் கடைசி ஞாயிறன்று, விமானங்கள் வருவதை நிறுத்திவிட்ட, இப்போது கார்ப் பிரியர்கள் கூடி முறைவைத்து ஓட்டிப் பார்க்கும் பழைய ஓடுதளத்தில் மருமகள் தன் காரை மூன்று முறை முழு வேகத்தில் ஓட்டலாம். மூன்றில் ஒன்றாவது தும்மாமல் ஓடினால், அவள் எட்டு மாதம் உழைத்துப் பொருத்திய டர்போ, அதாவது எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் கருவி, வண்டியிலேயே இருக்கும். இல்லையென்றால் திங்களன்று அது கழற்றப்படும். குடும்பத்துக்கு இருப்பது ஒரே கார் என்பதும், அந்த எட்டு மாதத்தில் ஆறு மாதம் கணவன் பேருந்தில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போனான் என்பதும் இதன் பின்புலம்.

தீர்ப்புச் சொல்லும் பொறுப்பும் கணவனுக்கே தரப்பட்டது. வாதியே நீதிபதியாவது முறையல்லதான். ஆனால் அவன் மருத்துவமனையில் மனிதர்களின் கேட்கும் திறனைச் சோதிப்பவன்; ஓர் ஒலி கேட்டதா இல்லையா என்பதில் பொய் சொல்ல அவனால் முடியாது என்று வீட்டில் எல்லோரும் நம்பினார்கள். அவனும் நம்பினான்.

மருமகள் பேருந்துப் பணிமனையில் டீசல் பம்புகளைச் சரிபார்ப்பவள். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. பகல் முழுவதும் பிளக் இல்லாத எஞ்சின்களோடு வாழ்பவள் என்பதாலோ என்னவோ, நான்கு பிளக்குகளைத் தேர்ந்தெடுக்க அவள் பதினோரு நாள் எடுத்துக்கொண்டாள்.

"இன்னுமா முடிவாகல?" என்றார் மாமனார். சாப்பாட்டு மேசையில் அவருடைய தட்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பிளக் பெட்டிகள் இருந்தன.

"கம்பெனி போட்டது ஆறாம் நம்பர், மாமா. அது சூட்டைச் சீக்கிரம் வெளியே விடாது. டர்போ காத்தைத் திணிக்கத் திணிக்க உள்ள சூடு ஏறும். முனை பழுத்துப் போச்சுன்னா, பொறி வர்றதுக்கு முன்னாடியே பெட்ரோல் தானாப் பத்திக்கும். அப்புறம் பிஸ்டன்ல ஓட்டைதான்."

"அப்ப பத்தைப் போடு."

"பத்து ரொம்பக் குளிர்ச்சி. செவ்வாய்க்கிழமை உங்களை முழங்கால் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போற வேகத்துக்குக் கரி அடைஞ்சு நடுரோட்டுல நின்னுடும்."

"நான் மெதுவாப் போகச் சொன்னது முழங்காலுக்கு. பிளக்குக்கு இல்ல."

"அதான் எட்டு. இன்னொரு கம்பெனியில நம்பர் கூடினா சூடு கூடும். இவங்ககிட்ட கூடினா குளிர்ச்சி. அதைப் பார்த்து வாங்கணும்."

மாமனார் கையிலிருந்த தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "ஒரே பொருளுக்கு ஒருத்தன் ஏறுமுகமா எண்ணுறான், ஒருத்தன் இறங்குமுகமா எண்ணுறான். இதை யாரும் தட்டிக் கேக்கலையா?"

அது வெறும் பேச்சுக்காகக் கேட்ட கேள்வியன்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் எடையளவு ஆய்வாளராக இருந்தவர் அவர். ஓய்வு பெற்ற பிறகும் சட்டைப்பையில் பேனாவோடு ஒரு ஃபீலர் கேஜ் வைத்திருப்பார். விசிறிபோல் விரியும் எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றிலும் அதன் தடிமன் பொறித்திருக்கும். கதவுக்கும் நிலைக்கும் இடையிலான இடுக்கைக்கூட அவர் கண்ணால் மதிப்பிட்டதில்லை.

புதன்கிழமை மாலை அவள் எட்டாம் எண் பிளக்குகளின் நடுமுனைக்கும் பக்கவாட்டுக் கம்பிக்கும் நடுவே பொறி தாண்டும் இடைவெளியைக் குறைத்தாள். காற்று நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் இடத்தில் பொறியால் அதிக தூரம் தாண்ட முடியாது, அணைந்துவிடும். எனவே நான்கையும் பூஜ்யம் புள்ளி ஆறு மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்து, பெட்டியில் அடுக்கி, மேசையிலேயே வைத்துவிட்டாள். பிளக்கைப் பற்றிய அத்தனையையும் மாமனாருக்கு விளக்கியவள் இதை மட்டும் விளக்கவில்லை. அப்போது அவர் குளித்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை மாலை அவற்றை மறுபடி அளக்காமலே எஞ்சினில் பொருத்தினாள். தன் கை வைத்த அளவைத் தானே சந்தேகிப்பானேன் என்று நினைத்திருக்கலாம். வெறும் களைப்பாகவும் இருக்கலாம். டர்போவின் காற்றழுத்தம் உச்சத்துக்கு ஏறும்படி, முழு பூஸ்டில் ஓட்டிப் பார்க்க ஊருக்குள் சாலையும் இல்லை, சட்டமும் இல்லை. முதல் சோதனையே முதல் ஓட்டமாக அமைந்தது.

ஞாயிறு காலை கணவன் ஓடுதளத்தின் பாதித் தூரத்தில், வேலிக்குப் பின்னால், கண்ணை மூடிக்கொண்டு நின்றான். மாமனார் மடக்கு நாற்காலியில் முழங்காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கொடி இறங்கியது. கார் பாய்ந்தது, பூஸ்ட் ஏறிய கணத்தில் படபடவென்று விக்கியது, மீதித் தூரத்தை இருமிக்கொண்டே கடந்தது.

"கேட்டுச்சு," என்றான் கணவன், அவள் திரும்பி வந்ததும். "ஒன்பது தடவை."

"எண்ணச் சொன்னாங்களா உங்களை?"

"வந்துச்சு, எண்ணினேன்."

அவள் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் காயில்கள் நான்கையும் கழற்றி, கையோடு கொண்டுவந்திருந்த புதியவற்றைப் போட்டாள். இரண்டாவது ஓட்டத்திலும் பூஸ்ட் ஏறியவுடன் அதே விக்கல். இம்முறை பதினொன்று. அவன் எண்ணிக்கையை வாயால் சொல்லவில்லை, விரல்களைக் காட்டினான். பத்து விரலுக்குப் பிறகு ஒன்று தேவைப்பட்டதில் சற்றுத் தடுமாறினான்.

"விட்டுடலாம்மா," என்றான் மெதுவாக. "நீ முயற்சி பண்ணலன்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. அதுவரைக்கும் நீங்க நீதிபதி. ஆறுதல் சொல்றது உங்க வேலை இல்ல."

எஞ்சின் ஆறுவதற்கு அரை மணி நேரம் காத்திருந்தாள். பிறகு பிளக்குகளைக் கழற்றி மேல்துண்டின் மீது வரிசையாக வைத்தாள். முனைகளைச் சுற்றிய பீங்கான் வெளிர் பழுப்பாக இருந்தது. வெளுத்திருந்தால் சூடு அதிகம், கறுத்திருந்தால் குளிர்ச்சி அதிகம். அவளுடைய பதினோரு நாளில் பிழை இல்லை. எட்டு சரியான எண்தான். அது அவளை மேலும் கலங்கடித்தது. தேர்வு தவறாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம்; சரியாக இருந்தும் ஓடவில்லையென்றால் திங்கட்கிழமை டர்போ கீழே இறங்கிவிடும்.

பிறகுதான் இடைவெளியைப் பார்த்தாள். கண்ணுக்கே தெரிந்தது. அளந்தாள். ஒன்று புள்ளி ஒன்று. அடுத்ததும் ஒன்று புள்ளி ஒன்று. நான்கும் அதேதான், மயிரிழை பிசகாமல். நடுமுனையில் ஒரு கீறல்கூட இல்லை; பக்கவாட்டுக் கம்பியை மட்டும் அளந்து, நோகாமல் நிமிர்த்திய வேலை. ஓடித் தேய்ந்தால் நான்கும் நான்கு விதமாகத் தேயும். இவ்வளவு ஒழுங்காக ஒன்றைக் கெடுக்கக்கூடியவர் அந்தக் குடும்பத்தில் ஒருவர்தான் உண்டு.

"மாமா, பிளக்கைத் தொட்டீங்களா?"

"தொடல," என்றார் மாமனார். "திருத்தினேன்."

"எப்போ?"

"வியாழக்கிழமை. நீ வேலைக்குப் போனப்புறம். வண்டியோட புத்தகத்துல ஒண்ணு புள்ளி ஒண்ணுன்னு அச்சடிச்சிருக்கு. நீ வச்சிருந்தது பாயிண்ட் ஆறு. கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி குறைவு. அளவு குறைஞ்ச சரக்கை நான் என் சர்வீஸ்ல வெளியே விட்டதில்ல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா உனக்குச் சங்கடமா இருக்கும்னு சொல்லல. நீ ஜெயிக்கணும்னுதாம்மா செஞ்சேன்."

அவர் சொன்னது உண்மை என்பது அவளுக்குத் தெரிந்தது. கோபப்படுவதற்கு அது பெரிய இடைஞ்சலாக இருந்தது.

"புத்தகம் டர்போ இல்லாத வண்டிக்கு எழுதினது, மாமா. இது அந்த வண்டியே இல்ல இப்போ. இவ்வளவு அழுத்தத்துல பொறி அந்தத் தூரத்தைத் தாண்டாம அணைஞ்சிடுது. குறைச்சு வச்சாத்தான் தாண்டும்."

மாமனார் நான்கு பிளக்குகளையும் பார்த்தார். வேலியோரம் நின்ற மகனைப் பார்த்தார். "அப்ப தப்பு என்னுது," என்றார். பிறகு, "எழுத்துல கொடு."

"என்னது?"

"அச்சடிச்ச அளவை வாய்ச் சொல்லை வச்சு மாத்த முடியாது. புத்தகத்துல அந்த வரியை அடிச்சு, பக்கத்துல புது அளவை எழுது. கையெழுத்து, தேதி. அப்புறம் நானே வச்சுத் தரேன்."

கடைசி ஓட்டத்துக்குக் கொடிக்காரர் கையசைத்துக்கொண்டிருந்தார். அவள் ஓடிப்போய்க் காரிலிருந்து புத்தகத்தை எடுத்துவந்து, டிக்கியின் மீது வைத்து எழுதினாள். மாமனார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அதைப் படித்தார். தேதியில் ஆண்டு விடுபட்டிருந்ததைச் சுட்டிக்காட்டினார். அதன் பிறகு பையிலிருந்து கேஜை எடுத்து, பூஜ்யம் புள்ளி ஆறு என்று பொறித்த தகட்டை விரித்து, ஒவ்வொரு கம்பியாகத் தட்டித் தட்டி இறக்கினார். நான்காவதை இருமுறை செய்தார். இம்முறை அவர் முடித்ததையெல்லாம் அவளும் ஒருமுறை அளந்தாள். அவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ளவில்லை; முகத்தில் முதன்முறையாக மரியாதை தெரிந்தது.

மூன்றாவது முறை கொடி இறங்கியது. பூஸ்ட் ஏறியது, ஏறிக்கொண்டே இருந்தது. கார் ஒரே மூச்சில் ஓடுதளத்தின் கடைசி வரை போய், சிறிய புள்ளியாகி நின்றது.

அவள் திரும்பி வரும்வரை கணவன் கண்ணைத் திறக்கவில்லை.

"என்ன கேட்டுச்சு?" என்றாள்.

அவன் எதிர்பார்த்து நின்ற ஒலி வந்திருந்தால், திங்கள் முதல் அவனுக்கு ஒழுங்கான ஒரு கார் கிடைத்திருக்கும்.

"ஒண்ணும் கேக்கல," என்றான்.

வீடு திரும்பும்போது மாமனார் முன்னிருக்கையில் புத்தகத்தை மடியில் வைத்திருந்தார். அவள் நகரச் சாலையில் எல்லோரையும் போல ஊர்ந்துகொண்டிருந்தாள்.

"இதே வேகத்துல வாரம் முழுக்க ஓட்டினா கரி அடையும், மாமா. எட்டாம் நம்பரும் குளிர்ச்சிதான். வாரத்துக்கு ஒரு தடவையாவது நல்லா விரட்டி ஓட்டணும்."

"அது புத்தகத்துல இருக்கா?"

"இல்ல."

அவர் பேனாவைத் திறந்தார். "செவ்வாய்க்கிழமைன்னு எழுதிக்கட்டுமா?"

"அப்பா, உங்க முழங்கால்?" என்றான் பின்னிருக்கையிலிருந்து மகன்.

"நீ கேக்க வேண்டியதைக் கேட்டு முடிச்சாச்சு," என்றார் அவர், எழுதிக்கொண்டே.