ஒற்றை ஸ்டார் பாட்டுகள்

ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கும் முன் சின்னதாக ஓர் இடைவெளி வரும். சின்னவள் மூச்சைப் பிடித்துக்கொள்வது அந்த இடைவெளியில்தான்.

கூடத்தில் ஒன்று, சமையலறையில் ஒன்று, குளியலறைக் கதவுக்கு மேலே ஒன்று என்று அந்த வீட்டில் மூன்று ஸ்பீக்கர்கள். காலையில் மாமா எழுந்ததும் பாட்டு தொடங்கும். அவர் படுக்கப் போகும்வரை ஓயாது. மாமா, அக்காவின் கணவர். விபத்தில் நசுங்கிய கார்களுக்கு இன்சூரன்ஸ் எவ்வளவு தரலாம் என்று மதிப்பிடும் வேலை அவருக்கு. பெரும்பாலும் வீட்டிலிருந்தே படங்களைப் பார்த்துச் சொல்லிவிடுவார். பாட்டு ஏன் இவ்வளவு சத்தமாக என்று சின்னவள் கேட்டதில்லை. வேலை கிடைத்து இங்கே தங்க வந்த முதல் மாதத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்கு அந்த வீட்டிலிருந்து பாட்டு மட்டும்தான் கேட்கும்.

மாமா எதற்கெடுத்தாலும் ஐந்துக்கு இத்தனை என்று ஸ்டார் போடுவார்.

“இன்னிக்கு சமையல் ரெண்டு ஸ்டார்,” என்பார் அக்காவிடம், சிரித்துக்கொண்டே. “போன வாரம் மூணு வாங்கினவ. சறுக்குது, பாத்துக்க.”

அக்காவும் சிரிப்பாள். எந்த வெயிலிலும் அவள் முழுக்கைச் சட்டைதான் போடுவாள்.

போன வாரம் மாமா வெளியே போயிருந்தபோது அக்கா சின்னவளின் போனில் பேசினாள். சின்னவள் ரகசியமாகப் போய்ப் பார்த்திருந்த வக்கீலம்மாதான் கேட்டிருந்தார். “எழுத வரலைன்னா பேசி அனுப்பும்மா, அது போதும்.” துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, எப்போது தொடங்கியது, எந்தக் கை, அதன்பின் அவர் என்ன சொன்னார் என்று அக்கா சொல்லிக்கொண்டே போனாள். காய்கறி விலை சொல்வது போன்ற குரல். சின்னவள் அதை வக்கீலுக்கு அனுப்பிவிட்டு, போனிலிருந்து அழித்தாள்.

ஒன்றை மறந்துவிட்டாள். அவள் போனில் வீட்டுப் பாட்டு ஆப் இருந்தது. போனில் புதிதாக எந்த ஒலி சேர்ந்தாலும் அது தானாகவே எடுத்து வீட்டுப் பட்டியலில் போட்டுவிடும். வந்த புதிதில், மாமா சந்தோஷப்படட்டும் என்று அவளே செய்துவைத்த ஏற்பாடு. மறுநாள் பட்டியலில், இரண்டு டூயட்டுகளுக்கு நடுவே ‘புதிய ஒலிப்பதிவு’ என்றிருந்தது. போனில் அழித்தது அங்கே அழியவில்லை.

பட்டியலிலிருந்து எதையும் நீக்க மாமாவின் பாஸ்வேர்டு வேண்டும். மற்றவர்களால் இரண்டுதான் முடியும். ஓடுகிற பாட்டைத் தாண்டலாம், ஸ்டார் போடலாம். தாண்டுவதும் வீட்டு வைஃபைக்குள் இருந்தால்தான்.

அவள் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். எது எப்படி வேலை செய்கிறது என்று படித்துப் பார்த்தால்தான் நிம்மதி. படித்தாள். மாமா வைத்திருப்பது கலைத்துப்போட்டு ஓட்டும் முறை. அதில் ஸ்டார்தான் கணக்கு. குலுக்கல் பானையில் ஐந்து ஸ்டார் பாட்டுக்கு ஐந்து சீட்டு, ஒரு ஸ்டாருக்கு ஒரு சீட்டு. ஸ்டாரே போடாததை மூன்றாக எடுத்துக்கொள்ளும். சும்மா விட்டால் மூன்று சீட்டு.

ஒரு ஸ்டார் போட்டாள். ஒரு சீட்டு. ஆனால் அதுவும் பானைக்குள்தான் கிடந்தது.

பகலெல்லாம் பரிசோதனைக் கூடத்தில் சோதனைக் குழாய்க்குள் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டே வீட்டில் இப்போது என்ன ஓடுகிறதோ என்று நினைப்பாள். சாயங்காலம் வந்ததும் கூடத்தில் உட்கார்ந்து, போனை மடியில் வைத்துக்கொள்வாள். கட்டைவிரல் தாண்டும் பொத்தான் மேலேயே இருக்கும்.

“விஞ்ஞானி என்ன, எந்நேரமும் போனும் கையுமா இருக்கு?” என்றார் மாமா. “எவனாவது மாட்டிட்டானா? எங்ககிட்ட காட்டு. ஸ்டார் போட்டுத் தரேன்.”

அக்காவிடம் அவள் சொல்லவில்லை. சொன்னால் அக்கா பயத்தில் தானே போய் மாமாவிடம் ஒப்புக்கொண்டுவிடுவாள். வெள்ளிக்கிழமை காலை, மாமா குளிக்கப் போகும் நேரத்தில் இருவரும் வீட்டை விட்டுக் கிளம்புவதாக ஏற்பாடு. தெருமுனையில் வக்கீலம்மா காரோடு இருப்பார். அதற்கே அக்கா தினம் ஒரு சாக்கு சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அடுத்த மாசம் பாத்துக்கலாம்டி. இப்பல்லாம் அடங்கித்தானே இருக்காரு.”

வியாழன் சாயங்காலம் மாமா டேப்லெட்டோடு சோபாவில் சாய்ந்தார்.

“ஒரு ஸ்டார் குப்பையெல்லாம் சேந்துபோச்சு. இன்னிக்குத் தூக்கிடப் போறேன்.”

சின்னவளுக்கு நெஞ்சு லேசானது. அவரே அழித்துவிடுவார்.

“ஆனா கேக்காமத் தூக்க மாட்டேன்,” என்றார். “ஒவ்வொண்ணுக்கும் கடைசியா ஒரு வாய்ப்பு. என்னை நியாயமில்லாதவன்னு யாரும் சொல்லிடக் கூடாது பாரு.”

முதல் பாட்டைப் போட்டார். கொஞ்சம் கேட்டார், உதட்டைப் பிதுக்கினார், நீக்கினார். அடுத்தது. பட்டியலின் கடைசியில் அது இருந்தது. சின்னவள் தண்ணீர் குடிப்பது போலச் சமையலறைக்குப் போனாள். அது ஒரு ஸ்டார் பட்டியலிலிருந்து விலகட்டும் என்று, போனைத் திறந்து இரண்டாவது ஸ்டாரை அழுத்தினாள். முதல் தடவை படவில்லை. இரண்டாம் தடவை பட்டது.

கூடத்தில் மாமாவின் குரல். “கடைசில இன்னொண்ணு இருந்துச்சே. எங்க போச்சு?”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். சின்னவள் டம்ளரோடு வெளியே வந்தாள். “சில நேரம் லிஸ்ட் தானா மாறும் மாமா. ஆப்ல கோளாறு.”

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார்.

“விஞ்ஞானி சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

இப்போது அதற்கு இரண்டு சீட்டு. பானையிலோ மற்ற சீட்டுகள் குறைந்துவிட்டன.

காலையில் மாமா காபி குடித்துவிட்டுக் குளிக்கப் போனார். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும் சின்னவள் கட்டிலுக்கு அடியிலிருந்து பையை எடுத்தாள். அக்கா ஏற்கெனவே துடைத்த அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“வேணாம்டி குட்டி. வெளிய வந்து டவல் எங்கன்னு கேப்பாரு.”

“அக்கா, செருப்பைப் போடு.”

“நான் இல்லைன்னா உன்னை ஆபீசுக்குத் தேடிட்டு வருவாரு.”

“வரட்டும். போடு.”

அக்கா அசையவில்லை. பாட்டு முடிந்தது. இடைவெளி.

“கல்யாணம் ஆகி மூணாவது மாசம்,” என்றது அக்காவின் குரல், மூன்று ஸ்பீக்கரிலிருந்தும். “கதவு இடுக்குல கையை வெச்சு அழுத்தினாரு.”

சின்னவளின் கட்டைவிரல் தானாகப் போன் மேல் போனது. அழுத்துவதற்குள் அக்கா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அக்காவின் கண் ஸ்பீக்கரிலேயே இருந்தது. யாரோ தெரியாத பெண்ணின் கதையைக் கேட்பது போல, வாய் லேசாகத் திறந்திருந்தது.

“விடு,” என்றாள். “பேசட்டும்.”

குளியலறையில் தண்ணீர் நின்றது.

அக்கா செருப்பைப் போட்டாள். படிக்கட்டில் இறங்கும்போது அவள் குரல் மேலே பேசிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டு அம்மா துடைப்பத்தோடு, படிக்கட்டை ஒட்டிய தன் வாசலில் நின்றிருந்தார். அவரும் கேட்டுக்கொண்டிருந்தார். அவர்களைப் பார்த்ததும் சுவரோரம் ஒதுங்கி வழி விட்டார்.

பாதிப் படியில் அக்காவின் குரல் சட்டென்று அறுந்தது. சின்னவள் மூச்சைப் பிடித்தாள். அடுத்த பாட்டு தொடங்கவில்லை. மேலே கதவு திறந்தது.

திரும்பிப் பார்த்தாள். பக்கத்து வீட்டு அம்மா படிக்கட்டின் நடுவில் வந்து, வழியை மறித்தபடி நிதானமாகப் பெருக்கத் தொடங்கியிருந்தார்.

“ஓடு,” என்றாள் அக்கா.