மாப்பிள்ளைக்கு ஆக்சிஜன்

பயிற்சிக்கூடத்து ரப்பர் பொம்மைக்கு நர்ஸ்கள் வைத்த பெயர் மாப்பிள்ளை. மல்லாக்கப் படுத்துக்கொண்டு எல்லாரையும் வேலை வாங்கும் ஜென்மத்துக்கு வேறென்ன பெயர் வைப்பது? மூச்சு விடும், இருமும். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருக்கும் டெக்னீசியன் பொத்தானை அமுக்கினால் 'நெஞ்சு வலிக்குது' என்று முனகவும் செய்யும்.

அந்த மாப்பிள்ளையை வைத்துப் பாடம் நடத்தச் சான்றிதழ் வாங்கத்தான் சீனியர் சிஸ்டர் வந்திருந்தாள். இருபத்திரண்டு வருஷம் வார்டில் நின்றே தேய்ந்த முழங்கால் அவளுக்கு. இனி நிற்கிற வேலை ஆகாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றே ஒன்றுதான் காலி, பயிற்றுநர் வேலை. அதற்கு இந்தக் காகிதம் வேண்டும். இல்லையென்றால் மறுபடி வார்டு, மறுபடி மாடிப்படி.

காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர், இந்தப் பயிற்சியை நடத்த வந்த நிபுணர். கடைசியாக ஒரு நோயாளியைத் தொட்டது எந்தக் காலத்தில் என்று அவருக்கே மறந்திருக்கும். மூன்று நாளாக அவர் போதித்தது இரண்டே விஷயம். 'தப்பு' என்ற சொல் வாயில் வரக் கூடாது. 'அந்த நேரத்தில் உங்கள் மனதில் என்ன ஓடியது?' என்று பக்குவமாகக் கேட்க வேண்டும். அப்புறம், பயிற்சிக்கு வருகிறவர் செய்யப்போவதை வாயால் சொன்னாலே போதும், செய்ததாக டிக் போட்டுவிடலாம். சாமான் தேயாது பாருங்கள்!

கூடவே, தனக்குச் சுகர் உண்டு, குளுக்கோஸ் பொட்டலம் மேஜை டிராயரில் இருக்கிறது என்று தினமும் காலையில் அறிவிப்பார். இன்று காலையும் சொன்னார். எல்லாரும் பயபக்தியோடு நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

கடைசி நாள் தேர்வு. சீனியர் சிஸ்டர் பயிற்சியை நடத்த வேண்டும். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதமே ஆன குட்டி நர்ஸ் மாப்பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும். சான்றிதழுக்கு வந்த மற்றப் பதினொரு பேரும் வேடிக்கை பார்ப்பார்கள். மாப்பிள்ளை இழுத்து இழுத்து மூச்சு விட்டது. குட்டி நர்ஸ் கையைக் கட்டிக்கொண்டு, "ஆக்சிஜன் வைக்கிறேன்," என்று ஒப்பித்தாள். மாஸ்க் தட்டிலேயே கிடந்தது. சிலிண்டர் திருகை யாரும் தொடவில்லை. டெக்னீசியன் வழக்கம்போலத் திரையில் ஆக்சிஜன் அளவு காட்டும் எண்ணை ஏற்றப் போனான்.

"ஏத்தாதீங்க தம்பி," என்றாள் சீனியர் சிஸ்டர்.

"அதான் சொல்லிட்டாங்களே சிஸ்டர்!"

"வாயால சொன்னா மூச்சு வராதுப்பா. விடுங்க."

குட்டி நர்ஸ் திருதிருவென விழித்தாள். இன்னொரு தடவை சொன்னாள், கொஞ்சம் சத்தமாக. மாப்பிள்ளைக்குக் காது மந்தம் போலிருக்கிறது. எண் இறங்கிக்கொண்டே போய், இதயத் துடிப்புக் கோடு படுத்து, கருவி ஒரே மூச்சாக அலறியது. அந்தக் கூடம் திறந்த நாளிலிருந்து மாப்பிள்ளை மண்டையைப் போட்டது அதுதான் முதல் தடவை.

மனதில் என்ன ஓடியது என்று கேட்கத்தான் சீனியர் சிஸ்டர் வாயைத் திறந்தாள். "அடிப்பாவி, ஆளைக் கொன்னுட்டியேடி! தப்பு, பெரிய தப்பு!" என்றுதான் வந்தது. குட்டி நர்ஸ் பொலபொலவென்று அழுதாள். சீனியர் சிஸ்டர் நிபுணரைத் திரும்பிப் பார்த்தாள். போச்சு, நாற்காலி போச்சு.

நிபுணர் எழுந்து பேச ஆரம்பித்தார். மனக்காயம், தன்னம்பிக்கை, எதிர்மறைச் சொல். 'கொன்னுட்டியே' என்ற ஒற்றைச் சொல்லை அலசவே முக்கால் மணி நேரம். சாப்பாட்டு நேரம் வந்து, காத்திருந்து, போயே போய்விட்டது. இரண்டரை மணிக்கு அவருடைய பேச்சு குழறியது. சட்டை தெப்பலாக நனைந்தது. அப்படியே நாற்காலியில் சரிந்தார்.

பதினொரு பேரும் சூழ்ந்துகொண்டார்கள். பயிற்சி என்றால் இதுவல்லவோ பயிற்சி!

"உதவிக்கு ஆள் கூப்பிடுறேன்," என்றார் ஒருவர்.

"நாடி பாக்குறேன்," என்றார் இன்னொருவர்.

"குளுக்கோஸ் குடுக்குறேன்," என்றார் மூன்றாமவர், கட்டிய கையைப் பிரிக்காமல். சொல்லிவிட்டு, எண் ஏறுகிறதா என்று திரையைப் பார்த்தார். டெக்னீசியனின் விரலும் பொத்தான் மேல் போனதுதான் கொடுமை.

சீனியர் சிஸ்டர் எழுந்திருக்கப் பார்த்தாள், முழங்கால் பிடித்துக்கொண்டது. அதற்குள் குட்டி நர்ஸ் மூக்கை உறிஞ்சியபடி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு போய் டிராயரை இழுத்தாள். பொட்டலத்தைப் பல்லால் கிழித்தாள்.

"முழிப்பு இருக்கா? முழுங்குறாரான்னு பாத்து குடுடி!" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினாள் சீனியர் சிஸ்டர்.

"முழுங்குறாருக்கா."

கால் மணி நேரத்தில் நிபுணர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உதடெல்லாம் வெள்ளைப் பொடி. பழக்கதோஷம் விடுமா? "அந்த நேரத்துல உங்க மனசுல என்னம்மா ஓடுச்சு?" என்று குட்டி நர்ஸைக் கேட்டார்.

"வாயால சொன்னா மூச்சு வராதுன்னு ஓடுச்சு சார்."

நிபுணர் மதிப்பெண் படிவத்தை மேலிருந்து கீழ்வரை தேடினார். எதிர்மறைச் சொல்லுக்கு அதில் கட்டம் இருந்தது. இதற்கு இல்லை. சீனியர் சிஸ்டரின் பெயருக்கு நேரே 'தேர்ச்சி இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். உதட்டில் வெள்ளைப் பொடி இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. முதல் சான்றிதழ், குளுக்கோஸ் கொடுக்கிறேன் என்று தெளிவாகச் சொன்ன மூன்றாமவருக்குப் போனது. எல்லாரும் கைதட்டினார்கள்.

சீனியர் சிஸ்டர் பையை எடுத்துக்கொண்டு வார்டுக்குக் கிளம்பினாள். அழுகை வந்தது, அழுதாள். மாடிப்படியில் முதல் அடி வைத்ததுமே முழங்கால் மடங்கியது. பின்னால் வந்த குட்டி நர்ஸ் 'பிடிச்சுக்குறேன்' என்று சொல்லவில்லை. பிடித்துக்கொண்டாள்.